டி.என்.ஏ. பிரித்தெடுப்பும் வரிசையாக்கமும்: ஆறு ஆண்டு கையனுபவம்

புதிதாக ஆய்வகம் அமைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சீக்வென்சர் வாங்கலாம்?" என்றுதான் (டி.என்.ஏ.வின் ஏ, சி, ஜி, டி எழுத்துகளை வரிசையாக வாசிக்கும் கருவி அது). நான் திருப்பிக் கேட்பது, "டி.என்.ஏ.வை எதிலிருந்து எடுக்கப்போகிறீர்கள், எப்படி எடுக்கப்போகிறீர்கள்?" இலை, மண் பாக்டீரியா, எப்போதாவது இரத்தம் என்று ஆறு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். வீணாய்ப்போன ரன்களை (சாம்பிளைக் கருவியில் ஓட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு ரன்) என் குறிப்பேட்டில் எண்ணிப் பார்த்தால், கருவியால் கெட்டவை மிகக் குறைவு. பெரும்பாலானவை முந்தைய நாளே ட்யூபுக்குள் கெட்டுவிட்டவை. அதனால் இந்தப் பகிர்வில் பாதிக்கு மேல் பிரித்தெடுப்பைப் பற்றித்தான் இருக்கும்.

நான் தொடங்கியது ஸ்பின் கிட்டில், அதாவது சுழற்றிப் பிரிக்கும் ஆயத்தத் தொகுப்பில். சிறு குழலின் அடியில் சிலிக்கா சவ்வு இருக்கும். குவானிடின் உப்பு கலந்திருக்கும்போது டி.என்.ஏ. அந்தச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்த கரைசலில் கழுவிவிட்டு, உப்பு குறைந்த பஃபர் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) ஊற்றினால் இறங்கி வந்துவிடும். சிலிக்காவையும் இந்த உப்பையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறையை 1990இல் பூம் குழுவினர் வெளியிட்டார்கள். பாக்டீரியாவுக்கும் இரத்தத்துக்கும் இது அருமையான வழி, குறை சொல்ல எதுவுமில்லை. இரண்டு பழக்கங்களை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். கடைசிக் கழுவலுக்குப் பிறகு வெறும் குழலை இன்னொரு முறை இரண்டு நிமிடம் சுழற்றுவேன். எத்தனால் மிச்சமிருந்தால், இழைகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஏற்றும்போது சாம்பிள் குழிக்குள் தங்காமல் மேலே மிதந்து போகும். அடுத்த கட்டத்து என்சைமும் சரியாக வேலை செய்யாது. அப்புறம், பஃபரை இளஞ்சூடாக்கி ஊற்றி, ஐந்து நிமிடம் அப்படியே விட்டுத்தான் சுழற்றுவேன். அவசரத்தில் இந்த ஐந்து நிமிடத்தை விட்ட நாட்களில் அளவு கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

ஸ்பின் கிட்டின் எல்லை நீளத்தில் இருக்கிறது. சவ்வு வழியாக வேகமாக இழுக்கப்படும்போது நீண்ட இழைகள் அறுந்துவிடும். டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆருக்கும், குட்டைத் துண்டை வாசிக்கும் சேங்கர் வரிசையாக்கத்துக்கும் இது பொருட்டே அல்ல. பல்லாயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவிக்கு இது பெரிய இழப்பு.

இலைகளிடம்தான் நான் உண்மையிலேயே பாடம் கற்றேன். முற்றிய இலையில் பாலிசாக்கரைடும் (சர்க்கரைச் சங்கிலிகள்) பாலிஃபீனாலும் (பழுப்பேற்றும் தாவரப் பொருள்) நிறைய. கிட்டில் போட்டால் கரைசல் கோழை மாதிரி வந்து சவ்வை அடைத்துவிடும். இல்லையென்றால் பழுப்பு நிறத்தில் இறங்கும். 1987இல் டாயில் இணையர் எழுதிய சி.டி.ஏ.பி. (சவர்க்காரம் போன்ற ஒரு வேதிப்பொருள்) முறைக்குத் திரும்பிய பிறகுதான் நிம்மதி கிடைத்தது. திரவ நைட்ரஜனில் மாவாக அரைத்து, உப்பு மிகுந்த சி.டி.ஏ.பி. பஃபரில் 60 முதல் 65 டிகிரியில் வைத்து, குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24:1 கலந்து பிரிப்பது. பாலிஃபீனாலைப் பிடிக்க பி.வி.பி. என்ற பாலிமர் சேர்க்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பு அரைத்த மாவைச் சார்பிட்டால் கரைசலில் இரண்டு முறை கழுவினால் கோழை பெருமளவு போய்விடும். அரை நாள் வேலைதான், கிட்டின் வசதி கிடையாது. ஆனாலும் முற்றிய இலைக்கு நான் வேறெதையும் நம்புவதில்லை.

டி.என்.ஏ.விலிருந்து புரதத்தைப் பிரிக்கும் ஃபீனாலையும் சில ஆண்டுகள் பயன்படுத்தினேன். இப்போது மிக நீளமான இழை வேண்டும் என்றால் மட்டும் எடுப்பேன். அது தோலில் பட்டால் உணர்வு மரத்துப்போவதால் காயம் உடனே தெரியாது. புகைக்கூண்டும் சரியான கையுறையும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, அளப்பது. முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு துளி வைத்துப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை மட்டுமே நம்பினேன். 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 1.8 பக்கம் வந்தால் சுத்தம் என்று குறித்துவிடுவேன். ஒரு இலை சாம்பிளில் அந்த விகிதம் அழகாக இருந்தது, செறிவு மைக்ரோலிட்டருக்கு 120 நானோகிராம் என்று காட்டியது. அப்படியே நூலகம் தயாரித்து (டி.என்.ஏ.வை வாசிப்புக்கு ஏற்றபடி ஆயத்தம் செய்து) வரிசையாக்கியில் ஓட்டினேன். இழைகளை வாசிக்கும் அதன் நானோதுளைகள் ஒரு மணி நேரத்துக்குள் வரிசையாக அடைபட்டன. மிச்சமிருந்த சாம்பிளை ஒளிர்சாயம் சேர்த்து அளக்கும் க்யூபிட்டில் வைத்தபோது 31தான் இருந்தது. 260 நானோமீட்டரில் ஆர்.என்.ஏ.வும் ஒளியை உறிஞ்சும், தனி நியூக்ளியோடைடும் உறிஞ்சும். அந்தக் கருவி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணும். இரட்டை இழை டி.என்.ஏ.வில் ஒட்டும் சாயம்தான் நமக்கு வேண்டியதைத் தனியே காட்டும். நான் பார்க்காமல் விட்ட 260/230 விகிதமோ 0.9 (அது 2.0 முதல் 2.2 வரை இருக்க வேண்டும்). சர்க்கரைப் பொருளும் குவானிடினும் அங்கேதான் தலைகாட்டும். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏ.ஸ் என்சைமைச் சேர்க்க மறந்ததும், கழுவல் போதாததும் அந்த இரண்டு எண்களிலேயே எழுதியிருந்தன. அன்றிலிருந்து இரண்டு கருவியிலும் அளந்து, இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால்தான் மேலே போகிறேன். கூடவே ஒரு அகரோஸ் ஜெல்லும் ஓட்டிவிடுவேன். இழை முழுசாக இருக்கிறதா, நொறுங்கிக் கீழே வழிகிறதா என்பதை எண் சொல்லாது, ஜெல் சொல்லும்.

டி.என்.ஏ.வை ஒட்டவைத்துச் சுத்தம் செய்யும் காந்த மணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றில் மணிக்கரைசலுக்கும் சாம்பிளுக்கும் உள்ள விகிதம்தான் எல்லாம். விகிதத்தைக் குறைத்தால் நீளமானவை மட்டும் ஒட்டும், கூட்டினால் குட்டைத் துண்டுகளும் சேர்ந்து வரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்து, நன்றாகக் கலக்கி, பிறகு எடுக்க வேண்டும். எத்தனால் அன்றன்றைக்குக் கலந்ததாக இருக்கட்டும். மணிகளை வெடிப்பு விடும் அளவுக்கு உலர விட்டால் நீளமான டி.என்.ஏ. திரும்ப இறங்காது, மினுமினுப்பு மங்கியதுமே பஃபரை ஊற்றிவிடுங்கள்.

சரி, வரிசையாக்கி. நான்கு ஆண்டுகளாக என் மேசையில் இருப்பது மினயான். 2014இல் முதல் பயனர்களிடம் போய்ச் சேர்ந்த கருவி இது. உள்ளங்கையில் அடங்கும், யு.எஸ்.பி. கம்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஒரு புரதத் துளை வழியாக இழை நகர்கிறது, மின்னோட்டம் மாறுகிறது, அந்த மாற்றத்தை மென்பொருள் எழுத்துகளாக்குகிறது. ஒரு துளை நொடிக்குச் சுமார் 400 எழுத்துகளை வாசிக்கும். ஓட ஓட வாசிப்புகள் திரையில் வந்துகொண்டே இருப்பதால், போதுமான தரவு கிடைத்ததும் நிறுத்தி, துளைகள் உள்ள தட்டான ஃப்ளோசெல்லைக் கழுவி, மீதியை அடுத்த சாம்பிளுக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி இல்லாத வேலையை இப்போது என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதன் பலவீனம் காற்றுக்குமிழி. துளைகள் இருக்கும் பரப்பின் மேல் ஒரு குமிழி ஓடினால் அந்த வழியிலிருந்த துளைகள் போயே போய்விடும், திரும்ப வராது. மூன்றாவது ஃப்ளோசெல்லில் எனக்கு அது நடந்தது. நுழைவாயிலைத் திறந்ததும் முதலில் 20 மைக்ரோலிட்டர் பின்னுக்கு இழுத்துக் குமிழியை எடுக்க வேண்டும். நான் நேராகத் தள்ளிவிட்டேன். 1,300க்கு மேல் இருந்த துளைகள் 400க்கு வந்தன. இப்போது பிப்பெட்டை அழுத்தாமல், அளவுச் சக்கரத்தை மெல்லத் திருப்பித்தான் இழுக்கிறேன். டிப்பின் நுனியில் கடைசித் துளி திரவத்தை எப்போதும் மிச்சம் விடுகிறேன்.

ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களில், அதாவது ஆறேழு ஏ வரிசையாக நிற்கும் இடங்களில், எண்ணிக்கை தவறும். ஆர்9 என்ற பழைய வகைத் துளையில் இது என்னை மிகவும் சோதித்தது. அடுத்து வந்த ஆர்10இல் வாசிக்கும் புள்ளிகள் இரண்டு இருப்பதால் நன்றாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. மூல சிக்னல் கோப்புகள் வட்டை நிரப்புகின்றன என்று அழித்துவிடாதீர்கள். நான்கு ஆண்டு பழைய சிக்னலைப் புதிய மென்பொருளில் மறுபடி வாசிக்க வைத்தேன். அன்று சந்தேகமாக விட்ட பல இடங்கள் தெளிந்தன, ஒரு துளி சாம்பிள்கூடச் செலவாகவில்லை. அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும். சாதாரண மடிக்கணினியில் நாள்கணக்கில் இழுக்கும்.

மற்ற இரண்டு முறைகளையும், அதாவது சேங்கரையும் குறுவாசிப்பையும், நான் கைவிடவில்லை. 1977இல் வந்த சேங்கர் முறையில் 700, 800 எழுத்துகள் வரை தெளிவாகக் கிடைக்கும். ஒரே ஒரு ஜீனைச் சரிபார்க்க இன்றும் அதற்குத்தான் அனுப்புகிறேன். மாற்றங்களைத் துல்லியமாக எண்ண வேண்டுமென்றால் குட்டைத் துண்டுகளை வாசிக்கும் குறுவாசிப்பு முறை. திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைத் தாண்டத்தான் நீளவாசிப்பு. மனித மரபணுத்தொகுதியில் 2003க்குப் பிறகும் வெற்றிடமாகக் கிடந்த சுமார் 8 விழுக்காடு, நீளவாசிப்புகள் வந்த பிறகு 2022இல்தான் நிரம்பியது. அதே காரணத்துக்காகத்தான் நீண்ட இழைகளை நான் வோர்டெக்ஸில் (அதிவேகக் குலுக்கியில்) வைப்பதில்லை, அகல வாய் டிப்பில் மட்டுமே எடுக்கிறேன், அடிக்கடி உறைய வைத்து உருக்குவதில்லை.

இப்போது குளிர்பெட்டியில் இரண்டு முறை கழுவிய ஒரு ஃப்ளோசெல் இருக்கிறது. நேற்றுச் சோதித்ததில் 900 துளைகள் உயிரோடு இருந்தன. பக்கத்திலேயே சி.டி.ஏ.பி.யில் எடுத்த இலை சாம்பிள், அகல வாய் டிப்பிலும் மெல்ல ஏறும் அளவுக்குக் கெட்டியாக. முழுதாகக் கரைய இன்னும் ஒரு இரவு விடுகிறேன். 260/230 நாளைக் காலையில் மறுபடி பார்க்க வேண்டும்.