ஒரே வலிமை, வெவ்வேறு விலை: செஸ் எஞ்சின்களுக்குப் பணம் கொடுப்பதன் கணக்கு

சிறந்த நகர்வைக் கணித்துச் சொல்லும் மென்பொருளான செஸ் எஞ்சினுக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்பவரிடம், எதற்காகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எஞ்சினின் ஆடும் வலிமை, அதை ஓட்டும் கணினியின் வேகம், அது கண்டதை மனிதருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் ஏற்பாடு ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் ஒரே பெட்டியில் வைத்து விற்கப்பட்டன. இன்று அவை தனித்தனிச் சரக்குகளாகப் பிரிந்துவிட்டன. ஒவ்வொன்றின் விலையும் வேறு, அந்த விலையால் தள்ளி நிறுத்தப்படுகிறவர்களும் வேறு. இதை மனத்தில் வைக்காமல் ஒப்பிட்டால், இலவசமாகக் கிடைப்பதற்குக் காசைக் கொட்டிவிட்டு, உண்மையிலேயே செலவு செய்யத் தகுந்த இடத்தில் கையை விரிக்க நேரிடும்.

வலிமையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளாரங் என்ற எஞ்சினிலிருந்து 2008-இல் கிளைத்த ஸ்டாக்ஃபிஷ், மூல நிரல் உட்பட முழுவதும் இலவசம்; எஞ்சின்களுக்கிடையிலான போட்டிகளில் நெடுங்காலமாக முன்னணியில் நிற்பதும் அதுதான். ஆட்டக்காரரின் வலிமையை எண்ணால் குறிக்கும் ஈலோ மதிப்பீட்டில் மனிதர் எட்டிய உச்சம், மேக்னஸ் கார்ல்சன் 2014-இல் தொட்ட 2882. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2009-இல் புவனஸ் அயர்ஸில் நடந்த ஒரு போட்டியில், கைபேசி ஒன்றில் ஓடிய பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4 பத்து ஆட்டங்களில் 9.5 புள்ளி எடுத்துவிட்டது. அது நொடிக்கு 20,000 நிலைகளைக்கூடப் பார்க்கவில்லை. இன்றைய கைபேசியில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் அதைப் பல படிகள் தாண்டிவிட்டது. தன் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள நினைக்கும் எவருக்கும், அவர் கிராண்ட்மாஸ்டராகவே இருந்தாலும், இந்த வலிமை தாராளமாகப் போதும்.

பெட்டியில் விற்கப்படும் வணிக எஞ்சின்கள் இந்த ஒப்பீட்டில் எங்கே நிற்கின்றன? ரைப்காவும் ஹௌடினியும் கொமோடோவும் இலவச எஞ்சின்களைவிடத் தெளிவாக மேலோங்கி நின்ற காலம் ஒன்று உண்டு; அப்போது அவற்றை வாங்கியவர் கொடுத்த காசுக்கு உண்மையான அனுகூலம் பெற்றார். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதை எடுத்துக்காட்டியது ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 விவகாரம். செஸ்பேஸ் நிறுவனம் 2021 பிப்ரவரியில் ஏறக்குறைய 100 யூரோவுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த எஞ்சின், அடிப்படையில் ஸ்டாக்ஃபிஷ்தான். மாறியிருந்தது பெரும்பாலும் நிலைகளை மதிப்பிடும் நியூரல் வலையமைப்பு மட்டுமே. ஸ்டாக்ஃபிஷ் வெளிவரும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் விற்பனையைத் தடுப்பதில்லை. வாங்குகிறவருக்கு மூல நிரலைக் கொடுக்க வேண்டும், அது எதிலிருந்து வந்தது என்பதையும் அவருக்குள்ள உரிமைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் நிபந்தனை விதிக்கிறது. அந்த நிபந்தனை மீறப்பட்டதாகக் கூறி ஸ்டாக்ஃபிஷ் அணியினர் 2021 ஜூலையில் வழக்குத் தொடுத்தனர். 2022 நவம்பரில் ஏற்பட்ட சமரசத்தின்படி ஃபேட் ஃப்ரிட்ஸ் 2, ஹௌடினி 6 ஆகிய இரண்டின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. விலை அதிகமா குறைவா என்பது எனக்கு இங்கே இரண்டாவது கேள்வி. தன் கையிலேயே இலவசமாக இருக்கும் ஒன்றுக்குத்தான் விலை கொடுக்கிறோம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனதுதான் அநியாயம்.

ஆயினும் 'இலவசம்' என்ற சொல்லுக்குள்ளும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாசீரோ, 2017 டிசம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 8-க்கு எதிராக 100 ஆட்டங்கள் ஆடி, 28-இல் வென்று, 72-ஐ டிரா செய்து, ஒன்றிலும் தோற்கவில்லை என்ற செய்தி வந்தபோது, அதன் பயிற்சிக்கு 5,000 சிறப்புச் சில்லுகள் பயன்பட்டன என்ற விவரமும் சேர்ந்தே வந்தது. ஆல்ஃபாசீரோவை அந்த நிறுவனம் யாருக்கும் தரவில்லை, விற்கவும் இல்லை. அடுத்த ஆண்டே தன்னார்வலர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளை ஒன்றுசேர்த்து, வெளியான ஆய்வுக் கட்டுரையை வழிகாட்டியாகக் கொண்டு, லீலா செஸ் சீரோவைக் கட்டத் தொடங்கினர். லீலாவை இறக்கிக்கொள்ள ஒரு காசும் வேண்டாம். ஆனால் அதன் முழு வலிமையைப் பெற நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அது இல்லாத மடிக்கணினியில் லீலா தடுமாறும். ஸ்டாக்ஃபிஷ் தேர்ந்த வழி இதற்கு நேர்மாறானது. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு 2018-இல் வகுத்த என்என்யூஇ என்ற சிறிய வலையமைப்பை அது 2020 செப்டம்பரில் 12-ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. அந்த வலையமைப்பு சாதாரணச் செயலியிலேயே ஓடுவதற்கென்று வடிவமைக்கப்பட்டது என்பதால், பழைய கணினி வைத்திருப்பவரும் புதிய எஞ்சின்களின் நிலையறிவைப் பெற முடிந்தது. எஞ்சின்களின் சமவாய்ப்பைப் பற்றிப் பேசும்போது இந்தத் தொழில்நுட்பத் தேர்வை யாரும் அதிகம் குறிப்பிடுவதில்லை. எந்த விலைக்குறைப்பையும்விட இது செய்த நன்மை பெரிது என்றே கருதுகிறேன்.

இறுதி ஆட்டத் தரவுத்தளங்களிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. பலகையில் ஏழு காய்கள் வரை மிஞ்சிய நிலைகளின் முடிவைப் பிசகின்றிச் சொல்லும் லொமோனோசோவ் அட்டவணைகள் 2012-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் (சூப்பர் கம்ப்யூட்டரில்) கணிக்கப்பட்டன. அளவு ஏறத்தாழ 140 டெராபைட். அவ்வளவையும் வீட்டில் வைக்க இயலாது என்பதால், அவற்றைக் கேட்டுப் பார்க்கும் வசதி வணிக மென்பொருளோடு சேர்த்து விற்கப்பட்டது. 2018-இல் அதே ஏழு காய் நிலைகள் சிசிஜி வடிவத்தில் ஏறக்குறைய 17 டெராபைட்டுக்குள் அடங்கியபோது, லிச்செஸ் என்ற இலவச இணையச் செஸ் தளம் அவற்றை எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. கட்டணம் கொடுத்துத் தட்ட வேண்டிய கதவு ஒன்று, கோப்பைச் சுருக்கும் நல்ல முறை ஒன்றினால் திறந்துகொண்டது.

மீதமிருப்பது வேகம். பல கோர்கள் (கணிப்பு அலகுகள்) கொண்ட சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கிளவுட் சேவைகள் பல வந்துவிட்டன. ஒவ்வொரு நகர்வுக்கும் நாள்கணக்கில் நேரம் தரும் அஞ்சல்வழிச் செஸ்ஸில் எஞ்சினைப் பயன்படுத்த விதிகளே அனுமதிக்கின்றன என்பதால், அங்கே ஆடுகிறவன் என்ற முறையில் இந்தச் சேவையை நானும் சில முறை எடுத்திருக்கிறேன். ஒரு ரூக் இறுதி ஆட்டத்தில், எனக்கு ஒரு சிப்பாய் அதிகமாக இருந்த நிலையை, வீட்டு மடிக்கணினியில் இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் திரையில் +0.35 என்று நின்றது; எனக்கிருந்த அனுகூலத்தைக் காட்டும் எண் அது, பூஜ்யம் என்றால் சமநிலை. அதே நிலையை வாடகைச் சர்வரில் ஏற்றியபோது, ஒரு மணி நேரத்துக்குள் எஞ்சின் இன்னும் ஆழமாக இறங்கி +0.21 என்று காட்டியது. பரிந்துரைத்த நகர்வு இரண்டிலும் ஒன்றே: ராஜாவை ஒரு கட்டம் முன்னே கொண்டுவருவது. ஆட்டம் டிராவில் முடிந்தது. வாடகை எனக்கு வாங்கித் தந்தது அந்த டிரா இன்னும் கொஞ்சம் நிச்சயமானது என்ற தகவலை மட்டுமே. கணிக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் வலிமை, நேரம் நீள நீளக் குறைந்துகொண்டே போகிறது என்பது எஞ்சின் ஆக்குநர்கள் நன்கறிந்த விஷயம். அஞ்சல்வழிச் செஸ்ஸின் உயர்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவாவதும் இதையே காட்டுகிறது.

ஆனால் புதிய தொடக்க ஆட்டங்களைத் தேடும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஒரே நிலையை ஆழமாகப் பார்ப்பதைவிட நூறு நிலைகளை ஒரே இரவில் சலித்தெடுப்பது அவருக்கு முக்கியம். அங்கே வேகம் நேரடியாக உழைப்பைக் குறைக்கிறது. 2010-இல் சோஃபியாவில் உலகப் பட்டத்துக்காக ஆனந்தை எதிர்கொண்ட டோபலோவின் அணி, 112 கோர்கள் கொண்ட கணினித் தொகுதியில் ரைப்காவை ஓட்டித் தயாரானது. அந்தத் தொகுதிப் பதிப்பு கடையில் கிடைக்கக்கூடியதாக இருக்கவில்லை. எதிராளி காசு கொடுக்க முன்வந்தாலும் பெற முடியாத ஒன்று. ஆனந்த் தன் உதவியாளர்களோடு காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் ஆகியோரின் ஒத்துழைப்பையும் பெற்று, 6.5–5.5 என்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். 2021 உலகப் பட்டத் தொடருக்குத் தயாரான நெபோம்னியாஷியின் அணிக்கு ஸ்கோல்டெக் நிறுவனத்தின் ஸோரெஸ் மீக்கணினி கிடைத்தது. துபாயில் அவர் கார்ல்சனிடம் 3.5–7.5 என்று தோற்றார். அந்தத் தொடரின் ஒன்பதாவது ஆட்டத்தில், தன் சிப்பாயை சி5 கட்டத்துக்கு நகர்த்தித் தன் பிஷப்பே சிக்கிக்கொள்ள வழிவிட்டார் நெபோம்னியாஷி. கைபேசி எஞ்சின் ஒரு நொடியில் காட்டிவிடும் பிழை அது.

இந்த இரண்டு தொடர்களையும் வைத்து, மீக்கணினியால் பயனில்லை என்று நான் முடிவு கட்டவில்லை. தயாரிப்புக்கு எவ்வளவு கணினித் திறனைப் பயன்படுத்தலாம் என்பதற்கு உலகச் செஸ் சம்மேளனம் வரம்பு விதிக்கவில்லை. விதித்தாலும் அதை மூடிய அறைகளுக்குள் போய்ச் சோதிக்க முடியாது. தவிர, ஆட்டங்கள் பாதியில் ஒத்திவைக்கப்பட்ட காலத்தில், ஒருவருக்கு இரவெல்லாம் அலசித் தர ஒரு குழுவே இருந்தது, இன்னொருவர் தனியாக விழித்திருந்தார். அந்த ஏற்றத்தாழ்வு எஞ்சினோடு பிறந்ததில்லை. வேறுபாடு ஒன்றுதான்: அன்று வலுவான உதவியாளரைக் காசு கொடுத்தாலும் எல்லோராலும் பெற முடியாது, இன்று 112 கோர்களுக்கு நிகரான வேகத்தை ஒரு பிற்பகலுக்கு யாரும் வாடகைக்கு எடுக்கலாம். ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் வாடகை நியாயமானது என்பது என் துணிபு. விலை என்று ஒன்று பொதுவில் இருந்தால், அதைச் சேமித்தோ பகிர்ந்தோ கட்டிவிட முடியும்.

மேல்மட்டத்து ஏற்றத்தாழ்வைவிட என்னை அதிகம் உறுத்துவது அடிமட்டத்தில் நடப்பது. வார இறுதிகளில் என்னோடு பயிலும் ஒரு சிறுமி, எச்7 சிப்பாயைத் தன் பிஷப்பால் வெட்டிப் பலிகொடுத்து, குதிரையை ஜி5-க்கும் ராணியை எச்5-க்கும் கொண்டுவந்து தோற்றாள். அவள் ஆடிய தளம் அந்தப் பலியின் மேல் சிவப்பில் 'பெரும்பிழை' என்று குறியிட்டது. ஏன் என்று தொட்டுப் பார்த்தால் ஒரு பூட்டுப் படம் வந்தது. அன்றைய இலவச அலசலை அவள் காலையில் ஆடிய வேறோர் ஆட்டத்துக்குச் செலவழித்திருந்தாள். நிலையைக் கட்டணமில்லாத இன்னொரு தளத்தின் ஸ்டாக்ஃபிஷ்ஷில் ஏற்றினோம். அரை நிமிடத்தில் கறுப்பின் பதில் தெரிந்தது: பிஷப் எஃப்5-க்கு வந்து எச்7 கட்டத்தைக் காக்கிறது, ராணிக்கு அங்கே இறங்க வழியில்லை. எஞ்சின் நகர்வையும் ஓர் எண்ணையும் மட்டுமே காட்டியது. காரணத்தை அவள்தான் காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக் கண்டுபிடித்தாள்.

பக்கத்தில் ஒருவர் இருந்ததால் அவள் கண்டுபிடித்தாள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பயிற்சியாளர் இல்லாத பிள்ளைக்கு 'எஃப்5' என்ற நகர்வு மட்டும் போதாது; அந்த நகர்வின் காரணத்தைச் சொல்லும் ஒரு வாக்கியம் வேண்டும், சந்தா கேட்கப்படுவது பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்குத்தான். சந்தா தளங்கள் இவ்விடத்தில் உண்மையான ஒரு பொருளை விற்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன்: விளக்கங்களும் பாடங்களும் தவறுகளிலிருந்து தொகுத்த புதிர்களும் உழைத்து உருவாக்கப்பட்டவை, அவற்றுக்கு விலை வைப்பதில் தவறில்லை. ஆனால் எஞ்சின் கணிப்பையே நாளொன்றுக்கு இத்தனை என்று பூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கணிப்பு பயனரின் சொந்தக் கைபேசியிலேயே ஓடக்கூடியது; செலவேதும் இல்லாத இடத்தில் பற்றாக்குறையை உண்டாக்கி, அதை நீக்கித் தருவதாகச் சந்தா வாங்குவது கற்கும் பிள்ளையின் ஆர்வத்தையே ஈடாகப் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

நன்கொடையில் இயங்கும் லிச்செஸ் இதற்கு மாற்றான ஏற்பாட்டைக் கடைப்பிடிக்கிறது. பணம் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே வசதிகள். கொடுத்தவரின் பெயருக்கு அருகே ஒரு சிறு சின்னம் மட்டும் தோன்றும். குறை இல்லாமல் இல்லை: அதன் அலசல் பிழையைச் சுட்டிக்காட்டுமே தவிர, தொடக்க நிலையினருக்குப் பொறுமையாக விளக்காது. ஆகவே ஈலோ 1200-க்குக் கீழே இருப்பவர், கற்றுத்தர யாரும் அருகில் இல்லாதவர் என்றால், ஆறு மாதச் சந்தா எடுத்து அதன் பாடங்களை முழுவதும் முடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன். அதற்கு மேலே ஏறியவர் தன் ஆட்டத்தின் குறிப்புகளை முதலில் தானே எழுதி, பிறகு இலவச எஞ்சினோடு ஒத்துப் பார்ப்பதே அதிகம் கற்றுத்தரும். கிளவுட் வாடகை, பட்டப் புள்ளிகளுக்காக ஆடுபவருக்கும் அஞ்சல்வழி ஆட்டக்காரருக்கும் மட்டும், குறிப்பிட்ட ஒரு போட்டிக்கு முன் சில மணி நேரம். பெட்டி எஞ்சின் யாருக்கும் வேண்டாம்.

இலவச எஞ்சினின் செலவை யாரோ ஏற்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். 2013-இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் அமைப்பில், ஸ்டாக்ஃபிஷ்ஷின் ஒவ்வொரு மாற்றமும் தன்னார்வலர்களின் கணினிகளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிச் சோதிக்கப்பட்ட பிறகே சேர்க்கப்படுகிறது; அதன் வலையமைப்புகளின் பயிற்சிக்கு லீலா திட்டத்தினர் திரட்டிய தரவும் உதவியிருக்கிறது. லிச்செஸ்ஸில் ஓர் ஆட்டத்துக்குச் சர்வர் அலசல் கேட்டால், அதைக் கணிப்பதிலும் தன்னார்வலர்களின் கணினிகளுக்குப் பங்குண்டு. அந்த மின்கட்டணத்தை அவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. வாடகைச் சர்வரை நிறுத்திய பிறகு, அந்த ரூக் இறுதி ஆட்டத்தை இரவு முழுவதும் கணித்த என் மடிக்கணினியில் ஃபிஷ்டெஸ்ட்டை நிறுவினேன். நான் உறங்கும் நேரத்தில் அது இப்போது வேறு யாருக்காகவோ ஆடிக்கொண்டிருக்கிறது.