காசிமேட்டு ஆயாவும் டூன் ஷேடிங்கும்: பிளெண்டரில் நான்கு ஆண்டுகள்

ராயபுரத்தில் மொட்டைமாடியை ஒட்டிய அறை, 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பழைய கணினி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 2021 முதல், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் டூன் ஷேடிங் (உருவத்தைக் கையால் வரைந்த கார்ட்டூன்போலக் காட்டும் முறை) செய்துவருகிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் ஆயாதான் என் முதல் பாத்திரம். அவரை இன்னும் முடித்தபாடில்லை.

அடிப்படை சுலபம். பரப்பில் ஒளி படும் விதத்தைக் கணக்கிடும் டிஃப்யூஸ் ஷேடரை, அதை நிறமாக மாற்றும் ‘ஷேடர் டு ஆர்ஜிபி’ நோடில் (இணைப்புக் கட்டத்தில்) கொடுத்து, அதைக் கலர் ராம்ப் என்ற நிறப்பட்டையில் இணைத்து, ராம்ப்பைக் ‘கான்ஸ்டன்ட்’ என்று மாற்றினால் போதும். மெல்ல மங்கும் வெளிச்சம், அரிவாள்மணையில் நறுக்கியதுபோல இரண்டு நிறமாகப் பிரிந்துவிடும். பிளெண்டரில் இறுதிப் படத்தை உருவாக்கித்தரும் எஞ்சின்களில், அந்த நோடு வேகமான ஈவீயில் மட்டுமே வேலை செய்யும், கனமான சைக்கிள்ஸில் செய்யாது. என் கணினிக்கு ஈவீயே அதிகம் என்பதால் எனக்கு நஷ்டமில்லை.

நிறங்கள் சோகை பிடித்ததுபோல வந்தால் வியூ டிரான்ஸ்ஃபார்மை (நிறங்களைத் திரைக்கு ஏற்ப மாற்றும் அமைப்பை) பாருங்கள். நான் தொடங்கியபோது ஃபில்மிக், பிளெண்டர் 4.0 பதிப்பு முதல் ஏஜிஎக்ஸ் என்று அதுவாகவே அமைந்திருக்கும். ‘ஸ்டாண்டர்ட்’ ஆக்கினால்தான் நாம் எடுத்த நிறம் அப்படியே வரும். இது தெரியாமல் இரண்டு மாதம் விளக்குகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முகம்தான் பெரும்பாடு. இரண்டே நிறம் என்பதால் மெஷ்ஷில் (உருவத்தின் வலைப்பின்னல் பரப்பில்) உள்ள சின்ன மேடுபள்ளம்கூட ஒளியாது. ஆயாவின் மூக்கோரம் கிழிந்த வலைபோல நிழல் சிதறியது. முட்டை வடிவில் ஒரு மெஷ் செய்து, டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையர் என்ற கருவி வழியாக அதன் நார்மல்களை (பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒளிக்குச் சொல்பவை) நெற்றிக்கும் கன்னத்துக்கும் மட்டும் கொடுத்த பிறகுதான் அடங்கியது. 2014-இல் வந்த ஜப்பானிய விளையாட்டான கில்டி கியர் எக்ஸ்ஆர்டியில் நார்மல்களைக் கையாலேயே திருத்தியிருக்கிறார்கள். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

ஆனால் நான் பார்த்த பயிற்சிக் காணொளி எதுவும் சொல்லித்தராதது தோல் நிறம். அவற்றில் வரும் பாத்திரங்கள் எல்லாம் வெளிர் நிறம். அடிப்படை நிறத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினால் நிழல் கிடைத்துவிடும். கரிய தோலுக்கு அதையே செய்தபோது, “என்னடா, ஆயா முகத்தில் கரியை அப்பி வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார் அம்மா. ஒரு நாள் காலை துறைமுகத்தில் நின்று கவனித்தேன். வெயில் படாத கன்னம் கறுக்கவில்லை, அரக்கு நிறத்துக்குத் திரும்பியிருந்தது. நிழலுக்கு அரக்கு கொடுத்தேன். வியர்வை மினுக்கத்துக்கு நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூன்றாவது நிறம் ஒன்று வைத்தேன். முகம் உயிர் பெற்றது. சாலிடிஃபை மாடிஃபையரில் நார்மல்களைத் திருப்பிப் போடும் வெளிக்கோட்டையும் கறுப்பிலிருந்து அடர் பழுப்புக்கு மாற்றினேன். கரிய தோலில் கறுப்புக் கோடு தொலைந்துபோகிறது.

ஒரு எச்சரிக்கை: பாதி வேலையில் பதிப்பை மாற்றாதீர்கள். 4.2-இல் ஈவீயைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். வெளிச்சத்தைச் சுற்றி ஒளிவட்டம் தரும் புளூம் வசதி, படம் உருவான பிறகு மெருகேற்றும் கம்பாசிட்டருக்குப் போய்விட்டது. அவசரப்பட்டு மாறிய நான் விளக்குகளை மறுபடி அமைக்க வேண்டியதாயிற்று.

போன மாதம், நாங்கள் வழக்கமாக மீன் வாங்கும் ஆயாவிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். செதில் ஒட்டிய விரலால் திரையைத் தொட்டு, “இந்தப் பக்கத்து மூக்குத்தி எங்கே?” என்றார். நிழல் பக்கம் என்பதால் கல் அணைந்துபோயிருந்தது. இப்போது அந்தக் கல்லுக்கு மட்டும் தனியாக, தானே ஒளிரும் எமிஷன் ஷேடர் போட்டுக்கொண்டிருக்கிறேன்.