பீக்கோ பாதையின் மழைக்கு எது தோது? ஜக்கெட், பொன்சோ, குடை, படங்கு

கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று மலையகத்தைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது பீக்கோ பாதை என்ற நெடுந்தூர நடைபாதை. 300 கிலோமீற்றருக்கும் மேல், 22 கட்டங்கள். ஒரே மூச்சில் நடப்பவருக்கு மழை நிச்சயம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவுகளை ஊறவைக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ் மழை ஊவாப் பக்கம் இறங்கும். இடையே மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் இடிமழை.

இங்கே மழைக்காப்பு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, அது எவ்வளவு தண்ணீரைத் தடுக்கும் என்பதை அல்ல, எவ்வளவு காற்றை உள்ளே விடும் என்பதை. ஏற்றத்தில் சுமையோடு நடக்கும்போது மணிக்கு அரை லீற்றருக்கு மேல் வியர்க்கலாம். அந்த ஈரம் வெளியேறாவிட்டால், மழை உள்ளே வராமலே சட்டை நனைந்துவிடும்.

மூன்றடுக்கு 'சுவாசிக்கும்' ஜக்கெட்டுகள் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகின்றன. 300 முதல் 450 கிராம் எடை, விலையோ மிக அதிகம். அட்டையில் 20,000 மில்லிமீற்றர் நீர்த்தடுப்பு, ஒரு நாளைக்குச் சதுர மீற்றருக்கு 20,000 கிராம் ஆவி வெளியேற்றம் என்று போட்டிருக்கும். முதல் எண்ணை நம்பலாம். இரண்டாவது எண் ஆய்வுகூடத்து நிலைமையில் அளந்தது. ஜக்கெட்டின் நடு அடுக்கான சவ்வு வழியே ஆவி வெளியேற, உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். 22 பாகை வெப்பம், மூடுபனி, 95 வீத ஈரப்பதன் என்றால் அந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது. குளிரான, உலர்ந்த மலைகளில் நன்றாக வேலை செய்யும் அதே ஜக்கெட் தேயிலைச் சரிவில் திணறுவது இதனால்தான்.

அடுத்த சிக்கல் மேல்துணியின் நீர்விலக்கிப் பூச்சு. பையின் தோள்பட்டி உரசும் இடத்தில்தான் அது முதலில் போகும். பிறகு துணி நீரைக் குடித்து ஒட்டிக்கொள்ளும், ஆவி வெளியேறும் வழியும் அடைபடும். 'ஒழுகுகிறது' என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். அதற்குரிய திரவச் சவர்க்காரத்தால் கழுவி, நன்றாக அலசி, உலர்த்தும் இயந்திரத்தில் இளஞ்சூட்டில் 20 நிமிடம் விட்டால் பூச்சு ஓரளவு மீளும். துணிமென்மையாக்கி போடவே கூடாது. தண்ணீர் உருண்டோடாவிட்டால் புதிய பூச்சுத் தெளிக்க வேண்டும். பொலியூரித்தேன் பூச்சுள்ள மலிவான ஜக்கெட்டை ஈரத்தோடு மடித்து வைத்தால், நம் வெக்கையில் சில வருடங்களில் உட்பக்கம் பிசுபிசுத்து உரியும். அதன்பின் சரிசெய்ய வழியில்லை.

தலைவழியே மாட்டி உடம்பைப் போர்த்தும் பொன்சோ அப்படியல்ல. கீழே திறந்திருப்பதால் ஒவ்வோர் அடிக்கும் காற்று உள்ளே வந்து போகும், முதுகுப்பையும் சேர்ந்தே மூடப்படும். சிலிக்கோன் பூசிய நைலோனில் 200 முதல் 350 கிராம். வாங்கும்போது பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளமா என்று பாருங்கள். பை மாட்டியதும் பின்பகுதி ஒரு சாணாவது மேலே ஏறும். இந்தத் துணியில் தையலை மூடும் சாதாரண நாடா ஒட்டாது. ஆகவே தலைமூடியும் கழுத்தும் சேரும் தையலுக்குச் சிலிக்கோன் பசையைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவி ஒரு நாள் காயவிட வேண்டும். குறைகளும் உண்டு. ஹப்புத்தளை முகட்டுக் காற்றில் முகத்தில் வந்து அடிக்கும், இடுப்பில் ஒரு கயிறு கட்டியே ஆக வேண்டும். செங்குத்தான தோட்டப் படிகளில் இறங்கும்போது பாதம் தெரியாது. ஊன்றுகோல் பிடிப்பவருக்கு முன்கை நனையும். ஒடுங்கிய தேயிலை நிரைகளுக்குள் வாதுகளில் மாட்டிக் கிழியும்.

குடையை நடைக்காரர் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது பெரிய தவறு. 250 முதல் 350 கிராமில் நல்ல உறுதியான குடை கிடைக்கும், உடம்பை எதுவும் மூடாததால் வியர்வைச் சிக்கலே இல்லை. காதும் மூடாது, தோட்டத்து வீதியில் பின்னால் வரும் லொறி கேட்கும். இரண்டு இழுபட்டி வளையங்களால் தோள்பட்டியில் பொருத்தினால் கையும் ஓய்வாக இருக்கும். பலத்த காற்றில் பயன்படாது. இடிமழையில் வெட்டவெளியில் பிடிக்கவே கூடாது. மடக்கிவிட்டு முகட்டிலிருந்து இறங்கி, ஒரு கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள்.

இடுப்புக்குக் கீழே என்ன செய்வது? தேயிலை இடுப்பளவு உயரம். மழை விட்ட பிறகும் செடியின் ஈரம் தொடையை நனைக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டுவது இதற்காகத்தான். நடைக்கும் அதுவே ஏற்றது. மழைக்காற்சட்டை பெரும்பாலும் 250 கிராம் அளவில் இருக்கும், காலை வேகவைக்கும், மாட்டவும் கழற்றவும் சப்பாத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒன்றரை மீற்றர் அகலம், முக்கால் மீற்றர் நீளத்தில் தடித்த பொலித்தீன் அல்லது நைலோன் துண்டை மேலோரத்தில் கயிறு கோத்து முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று வரச் சுற்றினால் போதும், 100 கிராம் அளவில் முடியும். இரத்தம் உறிஞ்சும் அட்டையை இது தடுக்காது. அதற்கு முழங்கால் வரையான அட்டையுறை தனியாக வேண்டும்.

பீ.வீ.சீ. மழைக்கோட்டு மோட்டார் சைக்கிளுக்கு நல்லது, நடைக்கு வேண்டாம். காகிதம் போன்ற மெல்லிய மழையுடுப்பு எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் பைப்பட்டியும் முட்செடியும் சேர்ந்து சில நாட்களில் கிழித்துவிடும்.

எங்கள் தெரிவு: குடை, படங்கு, கூடவே அக்குளில் ஸிப் உள்ள 250 கிராம் மெல்லிய ஜக்கெட். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 650 கிராம், கனத்த ஜக்கெட்டும் காற்சட்டையும் சேர்ந்த எடைதான். ஜக்கெட்டைக் காற்றடிக்கும் முகட்டிலும், நின்று இளைப்பாறும்போதும் மட்டும் போடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பொன்சோ.

பையின் மேலுறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகோடு ஒட்டிய பக்கம் மூடப்படாததால் தண்ணீர் அந்த வழியே இறங்கும். பைக்குள் தடித்த பொலித்தீன் உறையொன்றை விரித்து, மாற்றுடையையும் போர்வையையும் அதில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடக்கிக் கட்டுங்கள். நனைந்த குடையும் பொன்சோவும் உறைக்கு வெளியே பையின் பக்கப் பொக்கெற்றில் இருக்கட்டும்.