பெடல் தரையோடு போனால்: மியாட்டாவுக்கு ஒரு வைத்தியம், கார்வெட்டுக்கு வேறு

கிளட்ச் பெடலை மிதித்தால் பாதி தூரத்துக்கு எதிர்ப்பே இல்லை. ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று பல் உரசுகிறது. இரண்டு மூன்று தடவை வேகமாகப் பம்ப் செய்தால் மட்டும் கியர் விழுகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் கோளாறு ஹைட்ராலிக் பக்கம், அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பகுதியில்தான் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லிவிடலாம். அதற்கப்புறம் எதை முதலில் கழற்றுவது என்பதில்தான் காருக்குக் கார் கதை மாறுகிறது. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டாவுக்கு எது புத்திசாலித்தனமோ, அதுவே செவர்லே கார்வெட் சி5-க்குப் பணத்தைக் கரைக்கும் வேலை.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். பெடலுக்கு நேர் முன்னால் ஃபயர்வாலில் (எஞ்சின் அறையைப் பிரிக்கும் தகடு), மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து ஒரு குழாய், மறுமுனையில் அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர். மியாட்டா 1989-இல் வந்தபோது ஸ்லேவ், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு வெளியே, இரண்டே போல்ட்டுகளில் உட்கார்ந்திருந்தது. அது ஒரு ஃபோர்க்கை, அதாவது நெம்புகோலைத் தள்ளும், ஃபோர்க் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். 1997-இல் வந்த சி5-இல் ஃபோர்க்கே கிடையாது. ஸ்லேவ் ஒரு வளையமாக பெல் ஹவுசிங்குக்குள், சுழலும் தண்டைச் சுற்றி இருக்கிறது. ரிலீஸ் பேரிங் அதன் முகத்திலேயே. போதாக்குறைக்கு அந்தக் காரின் கியர்பாக்ஸ் எஞ்சினுக்குப் பின்னால் இல்லை, பின் அச்சோடு சேர்ந்து இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒரு நீளமான டார்க் டியூப். ஸ்லேவைத் தொட வேண்டுமென்றால் எக்ஸாஸ்ட், பின் கிரேடில் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்), கியர்பாக்ஸ், டார்க் டியூப் எல்லாம் இறங்க வேண்டும். மியாட்டாவில் காரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டால் அரை மணி நேரத்தில் ஸ்லேவ் கையில் இருக்கும்.

வளைய ஸ்லேவ் மோசமான வடிவமைப்பு என்று சொல்லவில்லை. தள்ளும் விசை நேராகப் போகிறது, தேய்வதற்கு ஃபோர்க்கும் பிவட்டும் இல்லை, இடமும் மிச்சம். பழுதாகாதவரை அதுதான் நல்லது. நோய் கண்டுபிடிக்கப் போகும்போதுதான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடுகிறது.

முதல் கேள்வி: கிளட்ச் விடவில்லையா, பிடிக்கவில்லையா? ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் அது ஸ்லிப். பெரும்பாலும் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது பிளேட்டில் ஆயில் ஏறியிருக்கும். ஹைட்ராலிக்கை நோண்டி லாபமில்லை. ஒரே விதிவிலக்கு, மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் திரும்பிப் போகும் சின்ன துவாரம் அடைபட்டோ, ஹோஸ் உள்ளே வீங்கியோ அழுத்தம் இறங்காமல் நிற்பது. கால் எடுத்த பிறகும் பெடல் மெதுவாக மேலே வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். மற்றபடி இந்த அலசல் முழுக்க 'கிளட்ச் விடவில்லை' என்ற புகாரைப் பற்றித்தான்.

அடுத்து, ரிசர்வாயரில், அதாவது பிரேக் ஆயில் ஊற்றும் சின்ன டப்பாவில், ஆயில் குறைகிறதா? குறைந்தால் எங்கோ வெளியே போகிறது. மாஸ்டர் கசிந்தால் அது காருக்குள்ளேயே வரும்: டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, பெடலோடு சேரும் தண்டைத் தடவிப் பார்த்தால் விரல் நனையும், சில சமயம் கார்ப்பெட்டும் நனைந்திருக்கும். இது இரண்டு காருக்கும் பொது. ஸ்லேவ் பக்கம்தான் வித்தியாசம். மியாட்டாவில் அடியில் படுத்து ஸ்லேவின் ரப்பர் பூட்டின் (தண்டை மூடும் உறை) ஓரத்தை விரலால் மடக்கினால் போதும். நல்ல ஸ்லேவுக்குள் காய்ந்த தூசி இருக்கும், போன ஸ்லேவிலிருந்து கறுத்த திரவம் மணிக்கட்டில் வழியும். வெளியிலிருந்து பார்த்தால் பூட் காய்ந்தே தெரியும் என்பதால், மடக்காமல் "கசிவு இல்லை" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள்.

சி5-இல் மடக்க பூட்டும் இல்லை, பார்க்க ஸ்லேவும் இல்லை. பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டுவது மட்டும்தான் துப்பு. அந்தச் சொட்டு எஞ்சினின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் ரியர் மெயின் சீலிலிருந்து வந்த எஞ்சின் ஆயிலாகவும் இருக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டு விடுங்கள். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து காணாமல் போகும், எஞ்சின் ஆயில் மேலே வட்டமாக மிதக்கும். ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும் சோதனை இது, செலவு ஒன்றுமில்லை.

ஆயில் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தாண்டி ஆயில் பின்னால் நழுவலாம். சமதளத்தில் ஃபர்ஸ்ட் கியரில் பெடலை அழுத்திப் பிடித்தபடி நில்லுங்கள், ஒரு காலை பிரேக்குக்குத் தயாராக வைத்துக்கொண்டு. சில விநாடிகள் கழித்து கார் தானாக ஊர ஆரம்பித்தால் அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கசிகிறது என்று அர்த்தம். உறுதி செய்ய, மாஸ்டரைக் கழற்றாமலே, ஸ்லேவிலிருந்து துண்டித்துத் தனியாகச் சோதிக்க வேண்டும். மியாட்டாவில் ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் ஹோஸை அதற்கென்று உள்ள கிளாம்ப்பால் மென்மையாக இறுக்கலாம். சி5-இல் குழாய்க்கு நடுவே, பிரித்தால் தானே அடைத்துக்கொள்ளும் ஒரு இணைப்பு இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். எந்தக் காரானாலும் பெடல் கல் மாதிரி நின்றால் மாஸ்டர் நல்லது. அப்போதும் தொய்ந்தால் மாஸ்டர் போய்விட்டது, அல்லது அதற்குள் ஏர் இருக்கிறது. சி5 வைத்திருப்பவர் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இந்த ஒன்றையாவது செய்துவிட வேண்டும்.

மியாட்டாவில் இன்னொரு பெரிய வசதி, அளந்து பார்க்கலாம். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் ஸ்கேலோடு ஸ்லேவ் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். மாஸ்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ., ஸ்லேவின் உள்விட்டம் 19.05 மி.மீ. விட்டங்களின் வர்க்கத்தைக் கணக்குப் போட்டால், மாஸ்டர் தண்டு 20 மி.மீ. போனால் ஸ்லேவ் தண்டு கிட்டத்தட்ட 14 மி.மீ. போக வேண்டும், ஆரம்பத்தில் கொஞ்சம் வீணாவதைக் கழித்துக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் நகர்கிறது என்றால் ஏர் அல்லது சீல். முழுசாக நகர்ந்தும் கியர் உரசுகிறதென்றால் ஹைட்ராலிக் நிரபராதி. வளைந்த ஃபோர்க், கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகிப்போனது, கிளட்ச் பிளேட்டை அழுத்தும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் உடைந்தது என்று உள்ளே தேட வேண்டியதுதான். சி5-இல் இந்த அளவீட்டுக்கே வழியில்லை. ஹைட்ராலிக்கையும் கிளட்சையும் பிரித்துச் சொல்லும் சோதனை கைவிட்டுப் போவதுதான் உள் ஸ்லேவின் உண்மையான விலை என்பேன்.

சூட்டில் மட்டும் வரும் கோளாறு தனி ரகம். காலையில் நன்றாக இருக்கும், ட்ராக்கில் ஓட்டியதும் பெடல் கீழேயே ஒட்டிக்கொள்ளும். அதிக ஆர்பிஎம்மில் கியர் மாற்றும்போது பெடல் திரும்பி வராதது கார்வெட்காரர்களுக்கு நன்கு தெரிந்த தொல்லை. கிளட்ச் தூசி கலந்து ரிசர்வாயரில் ஆயில் காபி டிகாஷன் நிறத்துக்கு வந்திருக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் பெடலுக்கு எதிர்ப்பு ஏது? சி5-இல் ஏரையும் பழைய ஆயிலையும் வெளியேற்றும் ப்ளீட் நிப்பிள் கை எட்டாத இடத்தில் இருப்பதால் பலர் ரிசர்வாயரை மட்டும் சிரிஞ்சால் உறிஞ்சி, புது ஆயில் ஊற்றி, பெடலைப் பலமுறை மிதித்து, நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள். முழு ஆயிலும் மாறாதுதான். ஆனாலும் கசிவில்லாத சி5-க்கு நான் சொல்லும் முதல் வைத்தியம் இதுதான். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிகான் வகை, இவற்றோடு சேராது.

ஒரே குடும்பத்தில் வெளி ஸ்லேவ், உள் ஸ்லேவ் இரண்டையும் பார்க்க ஆசையென்றால் நிசான் 350இசட். ஆரம்ப மாடல்களில் ஸ்லேவ் வெளியே. 2007-இல் ஹெச்ஆர் எஞ்சின் வந்ததும் உள்ளே போய்விட்டது, 370இசட்டிலும் அப்படியே. உள்ளே போனது அடிக்கடி பழுதானதால், அதைத் தூக்கிவிட்டு மறுபடி வெளி ஸ்லேவுக்கு மாற்றும் கிட்களே சந்தையில் விற்கின்றன.

சரி, நோய் தெரிந்தபின்? மியாட்டாவில் ஸ்லேவ் போயிருந்தால் மாஸ்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஏர் எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிப்பதால் மாஸ்டரின் பழைய சீல், இத்தனை வருடம் தொடாத அழுக்குப் பகுதிக்குப் போய்க் கிழிபடும். அடுத்த மாதமே அதுவும் கசியும். சீல் கிட் மலிவுதான், ஆனால் சிலிண்டர் சுவரில் துருக்குழி இருந்தால் புது சீலும் நிற்காது. புது சிலிண்டரே மேல். வேக்யூம் பம்ப்பில் ஏர் எடுப்பவர்கள் நிப்பிள் மரை வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு முடிவில்லாமல் குமிழி காட்டுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். கடைசியில் ஒருவரை உட்காரவைத்துப் பெடல் முறையில் ஒருமுறை முடித்துவிடுங்கள்.

சி5-இல் எல்லாச் சோதனையும் ஸ்லேவையே கைகாட்டி, இறக்கியே ஆக வேண்டும் என்றால் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஸ்லேவோடு கிளட்ச் செட், பைலட் பேரிங், ரியர் மெயின் சீல் எல்லாவற்றையும் அப்போதே பாருங்கள். மாஸ்டரை மேலிருந்தே மாற்றலாம், அவசரமில்லை. ஆனால் நிப்பிளை எஞ்சின் அறைவரை நீட்டிக் கொண்டுவரும் ரிமோட் ப்ளீட் குழாய் ஒன்றை மட்டும் மூடுவதற்கு முன் கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள்.