காட்டில் பாடம் எடுக்கப் பழக: தங்கும் முகாமா, ஒருநாள் பயணங்களா?

ஆசிரியர்களைக் காட்டுக்கே அழைத்துப்போய் பாடம் நடத்தப் பழக்கலாம் என்று முடிவானதும் வரும் குழப்பம் இது: ஒரே மூச்சில் ஐந்து நாள் முகாமா, பருவத்துக்கு ஒன்றாக நான்கு ஒருநாள் பயணங்களா?

செலவு
முகாம்: கூடாரம், சாப்பாடு, வழிகாட்டி என்று கூடும்.
ஒருநாள்: போக்குவரத்துதான் பெரிது. ஆனால் நான்கு முறை.

கற்பது
முகாம்: விடியற்காலைப் பறவை ஒலி, இருட்டு, நட்சத்திரம் எல்லாம் கிடைக்கும். இருட்டில் மாணவர்களுக்கு வரப்போகும் பயத்தை ஆசிரியரும் ஒரு ராத்திரி உணர்ந்துவிடுவார். இதைப் பேசிப் புரியவைக்க முடியாது.
ஒருநாள்: ஒரு சதுர மீட்டர் நிலத்தைக் கயிற்றால் வளைத்து, ஒவ்வொரு முறையும் அதற்குள் இருப்பதை எண்ணலாம். பூ, காய், சருகு, பூஞ்சை என்று அதே சதுரம் மாறிக்கொண்டே இருக்கும். நடுவே சொந்த மாணவர்களோடு முயன்று பார்த்து, சொதப்பியதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு திரும்பி வரலாம். எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

பாதுகாப்பு
முதலுதவி, தலை எண்ணுவது இரண்டுக்கும் பொது. முகாமில் கூடுதலாக, நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கூடாரம் அடிக்கவும், மலத்தை 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழியில் புதைக்கவும் பழக வேண்டும்.

விடுப்பு
முகாமுக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் கிடைப்பது கஷ்டம்.

சரி, எது யாருக்கு? மாணவர்களை இரவு தங்க வைக்கப் போகிறவர்களுக்கு முகாம் கட்டாயம். அறிவியல் பாடத்தைக் காட்டோடு இணைத்தால் போதும் என்பவர்களுக்கு ஒருநாள் பயணங்களே மேல். காடு மிகத் தொலைவு என்றால், அப்புறம் முகாம்தான். பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.