கணினித் தூசிக்கு ஏர் கேனா, ப்ளோவரா?

கணினி ஃபேனின் இரைச்சல் அடுத்த அறை வரை கேட்கிறதா? பக்கத்து மூடியைக் கழற்றிப் பாருங்கள். கணினியின் மூளையான பிராசஸரின் மேல் இருக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். காற்று நுழைய வழியே இருக்காது. சூடு 95, 100 டிகிரியை நெருங்கும்போது பல பிராசஸர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி இழுத்து இழுத்து ஓடுவது இதனால்தான்.

தூசியை ஊதித் தள்ளும் ஸ்ப்ரே டப்பாவான ஏர் கேன் கைக்கு அடக்கம், குழாய் முனையும் மெல்லியது. ஆனால் உள்ளே இருப்பது வெறும் காற்று அல்ல, அழுத்தித் திரவமாக்கிய வாயு. கேனைச் சாய்த்தால் அந்தத் திரவமே உறைகுளிராகப் பீய்ச்சும். விடாமல் அழுத்தினால் கேன் சில்லிட்டு வேகம் விழுந்துவிடும். பல கேன்களில் இருப்பது தீப்பற்றும் வாயு. சில தடவையில் தீர்ந்தும்விடும்.

மேசைக் கணினிக்கு என் ஓட்டு மின்சார ப்ளோவருக்குத்தான். ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும், கம்பளித் தூசியையும் பெயர்த்தெடுக்கும். ஒரே ஒரு கவனம்: கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். விட்டால் கன்னாபின்னாவென்று சுழன்று பேரிங் கெட்டுவிடும். அப்புறம், மூக்கில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் செய்யுங்கள்.

லேப்டாப் என்றால் கேன்தான் சரி. அணைத்துவிட்டு, விட்டு விட்டு, சின்னச் சின்ன ஊதல்.