மழைக்காலத்தில் மறைந்துபோகும் இயற்கை: ஒரு பெங்களூரு நர்சரியும் எங்கள் அனுபவமும்

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர், எங்கள் மகள் படிக்கும் இயற்கைவழி நர்சரியில் தம் மூன்று வயது மகனைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். ப்ரீகேஜியில் சேர்ந்த எங்கள் மகள் வரும் மார்ச்சில் யூகேஜி முடிக்கிறாள் என்பதால், அவருக்கான பதிலை இங்கேயே விரிவாக எழுதுகிறேன். கட்டணம், நேரம், வேன் வசதி ஆகியவற்றை நேரில் போனால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வரவேற்பறைச் சுவரில் நான்கு விழுமியங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் மூன்றை உண்மையாகவே காப்பாற்றுகிறார்கள். குழந்தையை அதன் வேகத்தில் விடுவது முதலாவது. பென்சிலைப் பிடிக்கச் சொல்லி எவரும் மகளை அவசரப்படுத்தியதில்லை. கொள்ளுப் பயறு முளைவிடும்வரை தினமும் தட்டருகே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வரும் பொறுமை அவளுக்கு அங்கேதான் வாய்த்தது. வீட்டு மொழிக்கு இடம் தருவது இரண்டாவது. கதை நேரத்தில் அவள் தமிழில் பதில் சொன்னால், கன்னடம் பேசும் ஆசிரியை (பிள்ளைகளுக்கு ‘அக்கா’) அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கதையைத் தொடர்கிறார். அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2022-இல் வலியுறுத்திய தாய்மொழிவழிக் கற்றலை, அந்த ஆவணத்தின் பெயரைக்கூட உச்சரிக்காமல் இவர்கள் நடைமுறையில் வைத்திருக்கிறார்கள். சிறிய ஆபத்துகளைக் குழந்தை தானே சமாளிக்க விடுவது மூன்றாவது. கொய்யா மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறும் பிள்ளையை இறக்கிவிடாமல், அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இத்தகைய மனிதர்கள் கிடைப்பது அரிது.

நான்காவது விழுமியம், ‘எல்லாப் பருவங்களிலும் இயற்கையோடு’ என்பது. என் கோபம் முழுவதும் இதன்மேல்தான்.

ஆண்டுதோறும் ஜூனில் பெற்றோருக்கு முன்னேற்ற இலக்குகள் என்று ஒரு தாள் தருகிறார்கள். ‘வெளியில் கழிக்கும் நேரத்தைக் கூட்டுவோம்’ என்ற வரி அதில் தவறாமல் இடம்பெறுகிறது. எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் கூட்டுவார்கள் என்பது மட்டும் இருப்பதில்லை. அதைத் தொடர்ந்து வாட்ஸப் குழுவில் மழைக்கால அட்டவணை வந்துவிடுகிறது: அக்டோபர் முடியும்வரை, தரை காய்ந்திருந்தால் மட்டுமே தோட்டம். கல்வியாண்டில் ஏறத்தாழ பாதிக்காலம் பிள்ளைகள் அறைக்குள் உட்கார்ந்து காகிதத்தில் இலை அச்சு எடுக்கிறார்கள். பஞ்சை ஒட்டி மேகம் செய்கிறார்கள்.

பெங்களூரு மழையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தாத ஏற்பாடு என்பது புரியும். இங்கே பெருமழை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின்போ இரவிலோதான் கொட்டும். ஜூன், ஜூலைக் காலைகளில் தூறல் விழுந்தால் உண்டு. பிள்ளைகள் நர்சரியில் இருப்பதோ நண்பகல்வரைதான். ஆகவே பள்ளிக்காரர்கள் தவிர்ப்பது மழையை அல்ல, சேற்றை. முந்தைய இரவின் மழையில் ஊறிய தோட்டத்தில்தான் மரவட்டை ஊர்கிறது, மண்புழு மேலே வருகிறது, காளான் முளைக்கிறது, உதிர்ந்து கிடந்த புங்க விதை வேர்விடுகிறது. ஆண்டிலேயே தோட்டம் மிகுதியாகக் கற்றுத்தரும் மாதங்களில் அதைப் பூட்டி வைப்பவர்கள் தங்களை இயற்கைவழிப் பள்ளி என்று அழைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திறந்தவெளி நர்சரிக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் பள்ளியை ரேச்சல், மார்கரெட் மெக்மில்லன் சகோதரிகள் 1914-இல் நடத்தத் தொடங்கியது லண்டனின் டெப்ட்ஃபோர்டில். வெயிலுக்குப் பேர்போன ஊர் அல்ல அது.

அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. சளி பிடித்தால் முதல் கேள்வி கேட்பவர்கள் பெற்றோர்கள்தான்; சேற்றுக் காலோடு ஏறினால் வேன் ஓட்டுநர் முணுமுணுக்கிறார். டெங்கு அச்சமும் உண்மையானது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசே அதைக் கொள்ளைநோயாக அறிவித்தது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தொட்டி, வாளி, டயர் போன்றவற்றில் தேங்கும் நீரில். ஈர மண்ணில் அல்ல. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குக் குறையாமல் பிடிக்கும் என்பதால், நீர் விளையாட்டுத் தொட்டியை வாரம் ஒருமுறைக்குக் குறையாமல் கொட்டித் தேய்த்துக் காயவைத்தால் போதும். பகலில் கடிக்கும் கொசு என்பதற்காக முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போட்டு அனுப்ப நாங்கள் தயார். உண்மையான தடை வேறு: ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கால் கழுவி உடை மாற்ற அங்கே ஓர் ஆயாம்மாதான் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல மனம் வராது. அவருடைய சுமையைப் பார்த்தால் அட்டவணை ஏன் இப்படி ஆனது என்பது விளங்கும்.

ஆகையால் பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் கேட்டது எளியது: மழை மாதங்களுக்கு இன்னொரு உதவியாளர், கூரையோடு ஒரு கால் கழுவும் இடம், ரெயின்கோட் மாட்ட ஆணி வரிசை. கூடுதல் கட்டணம் தருவதாகவும் சொன்னோம். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த ஜூனில் புதிய ஊஞ்சலும், அதன் கீழே ரப்பர் விரிப்பும், வாசலில் கேமராவும் வந்திருந்தன. இலக்குத் தாளில் அதே வரி இருந்தது.

எனவே நண்பருக்கு என் பதில்: இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். மேலே நான் பாராட்டியது எதையும் திரும்பப் பெறவில்லை. அந்த அக்காக்களிடம் எந்தக் குழந்தையையும் நம்பி விடலாம். ஆனாலும் மழைக்காலத்தில் பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வெளியே இருப்பார்கள், கால் கழுவிவிட யார் இருப்பார்கள் என்று எழுதித் தரும்வரை வேறு இடம் பாருங்கள். நேரில் பார்க்கத்தான் வேண்டுமென்றால் செப்டம்பரில், இரவு மழை பெய்த மறுநாள் காலை பத்து மணிக்குப் போங்கள். டபேபியா மரங்கள் பூத்திருக்கும் பிப்ரவரியில் போனால், அந்தத் தோட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் யாருமே அட்மிஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.